தறியில் இருக்கும் உடல்: மனித உருவத்தை அருவமாக வரையும் முறை

மனித உடலை அப்படியே நகலெடுக்காமல் சில கோடுகளாகவும் நிறப்பரப்புகளாகவும் சுருக்கிக் காட்டும் அருவ உருவ ஓவியம் பழகுகிறவர்களுக்குக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவரைப் போல நல்ல மாடல் அமைவது அரிது. முழங்காலுக்குக் கீழே குழிக்குள் மறைந்துவிடும். இடுப்புக்கு முன்னால் படிமரம், அதாவது நெய்த துணியைச் சுற்றும் மரம், குறுக்கே ஓடும். ஒரு கை கயிற்றைச் சுண்டி, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும், மறு கை அந்த நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கும். படத்தில் உடலை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குத் தறியே பாதி விடை சொல்லிவிடுகிறது.

சென்னிமலைப் பக்கம் போர்வை நெய்கிற வீடுகளில் "ஒரு ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கட்டுங்களா?" என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கரிக்குச்சியை வெளியே எடுக்கவே கூடாது. கரித்தூள் பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில்) படிந்தால் அவர்களுடைய துணி கெடும். 4பி பென்சிலும் ஏ4 தாள்களும் போதும். முதலில் படத்துக்கு முப்பது விநாடி வீதம் இருபது படம், பிறகு படத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் ஐந்து படம். நெசவில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். கை நகர்ந்துவிட்டதே என்று பதறி மனதிலிருந்து வரையாதீர்கள். கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்த அடியில் அதே நிலை வரும்போது தொடருங்கள்.

ஒவ்வொரு படத்திலும் நான்கு விஷயங்கள் விழுந்தாக வேண்டும்: கழுத்தின் சாய்வு, தோள் கோடு, இடுப்புக் கோடு, உடலின் பாரம் இறங்கும் இடம். முகம் வேண்டாம். கண், மூக்கு என்று இரண்டு புள்ளி வைத்தாலும் பார்ப்பவர் பார்வை அங்கேயே நின்றுவிடும், உடல் வெறும் பின்னணியாகிவிடும்.

அடுத்தது கழிக்கும் வேலை. பிகாசோ 1945-46இல் ஒரு காளையை லித்தோகிராஃபில் (கல்லச்சுப் படத்தில்) 11 நிலைகளாகக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் சில கோடுகள்தான் மிச்சம், ஆனாலும் அது காளைதான். காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, எந்தக் கோட்டை விட்டால் மாடு மாடாக இருக்காது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல படம் ஒன்றை எடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து, ஒவ்வொரு தாளிலும் ஒன்றை மட்டும் நீக்குங்கள்: முதலில் விரல்கள், பிறகு துணி மடிப்பு, பிறகு முழங்கைக்குக் கீழ்ப்பகுதி. ஐந்தாறு தாளில் உடல் தன் பாரத்தை இழந்து காற்றில் மிதப்பதுபோல் ஆகிவிடும். அதற்கு முந்தைய தாள்தான் உங்கள் படம்.

கேன்வாஸ் 24 x 30 அங்குலம் போதும். காடா துணியையும் (வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணியையும்) சட்டத்தில் இழுத்துக் கட்டலாம், ஆனால் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லியது நாளடைவில் தொய்யும். வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு, நடுவில் மெல்லிய உப்புத்தாள். அக்ரிலிக் நிறங்கள் நான்கே: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை. நீலமும் சியன்னாவும் சேர்ந்தால் ஆழமான கருமை வரும். கறுப்பு ட்யூபே வேண்டாம், அது சுற்றியுள்ள நிறங்களைச் செத்துப்போகச் செய்கிறது.

இரண்டு அங்குலத் தட்டைப் பிரஷ்ஷால் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று அளவில் மட்டும் முழுப்பரப்பையும் மூடுங்கள். உடலுக்கும் தறிக்கும் வேறு வேறு நிறம் தேடாதீர்கள். தோளின் இருட்டும் தறிமரத்தின் இருட்டும் ஒன்றோடொன்று கலந்து ஓடட்டும். அருவம் பிறப்பது இந்த விளிம்புகளில்தான். கயிற்றை இழுக்கும் தோளின் மேல்விளிம்பு கூர்மையாக நிற்கட்டும், முதுகின் விளிம்பு பின்னால் இருக்கும் சுவரில் கரையட்டும். எல்லா விளிம்பையும் கரைத்தால் ஆள் காணாமல் போவார். எதையுமே கரைக்காவிட்டால் வண்ணம் தீட்டிய பொம்மைதான் மிஞ்சும். மூன்றோ நான்கோ விளிம்புகளைக் கூராக வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். இந்திய ஓவியர் தையப் மேத்தா 1969 வாக்கில் தொடங்கிய மூலைவிட்ட வரிசையில், சாய்ந்த ஒரு கோடு உடலை அறுத்துக்கொண்டு போகும். படிமரத்தையும் அப்படிச் சற்றுச் சாய்த்து உடலுக்குக் குறுக்கே போட்டுப் பாருங்கள்.

அக்ரிலிக் காய்ந்தபின் ஒரு படி இருண்டுவிடும், அதனால் வெளிச்சப் பகுதியை நினைத்ததைவிடச் சற்று வெளுப்பாகவே பூசுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது வண்ணம் பேலட்டிலேயே தோல் கட்டும், ஈர வண்ணத்தில் புழுதியும் ஒட்டும். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஸ்ப்ரேயைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தை இளக்கத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் பிடிப்பு தளரும், அக்ரிலிக் மீடியம் சேருங்கள். நிறம் சேறாகிப் போனால் மேலும் மேலும் தீட்டாமல், ஈரமாக இருக்கும்போதே பேலட் கத்தியால் சுரண்டிவிடுங்கள். அமெரிக்க அருவ ஓவியர் டி கூனிங் தமது 'வுமன் 1' ஓவியத்தை 1950 முதல் 1952 வரை சுரண்டியும் மறுபடி தீட்டியும்தான் கொண்டுவந்தார். சுரண்டிய இடத்தில் மிஞ்சும் சாயல் பல நேரம் புதிதாகத் தீட்டியதைவிட உயிரோடு இருக்கும்.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், செல்ஃபோனில் கறுப்பு வெள்ளையாகவும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூன்று அளவுகளும் பிரிந்து தெரிய வேண்டும். கடைசியாகத் தறி தெரிந்த ஒருவரிடம் காட்டி, எந்தக் கை கயிற்றை இழுக்கிறது என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் நிறத்தில் கை வைக்காதீர்கள், தோள் கோட்டின் சாய்வைச் சரிபாருங்கள். அனேகமாக அது படுக்கைவசமாக நேராகியிருக்கும்.