ஓர் எண் வரம்புக்குள் இருக்கிறதா? கணினி நிரலில் பார்ப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் அதையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோவுக்குக் கீழ் சின்னக் குலை, 10 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவைதான்.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

சரியாக 20 கிலோ உள்ள குலை நடுத்தரமா, பெரியதா? இதற்குப் பதில் தெரியாமல் நிரலைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் வரம்பு சம்பந்தமான பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு பிரிவிலும் 20ஐச் சேர்த்தால் ஒரே குலை இரண்டு தடவை எண்ணப்படும். நடுத்தரத்தை 19இல் நிறுத்தினாலோ 19.5 கிலோ குலைக்கு இடமே இல்லை. அடுத்தடுத்த பிரிவுகள் என்றால் கீழ் எல்லையைச் சேர்த்து, மேல் எல்லையை விட்டுவிடுங்கள். ஆரம்பப்பள்ளி ஆண்டு 1 முதல் 6 என்பது மாதிரித் தனி வரம்பு என்றால் இரண்டு முனையும் சேரும்.

படி 2: பைத்தானில் எழுதுங்கள்

பைத்தான் ஒரு நிரல் மொழி. பைத்தான் 3இல் மாறிகளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயர்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

```
எடை = 15.5
நடுத்தரம் = 10 <= எடை < 20
நடுத்தரம்
```

பைத்தானைத் திறந்து மூன்று வரியையும் ஒவ்வொன்றாகத் தட்டி எண்டர் அழுத்தினால் ‘ட்ரூ’, அதாவது ‘சரி’, என்று வரும். பள்ளிக் கணக்கில் எழுதுகிற மாதிரியே இருக்கிறது, இல்லையா? எனக்குப் பைத்தானில் மிகவும் பிடித்த வசதி இது.

படி 3: வேறு மொழிக்குப் போனால் கவனம்

அதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் பிழை என்று அது சொல்லாது, ஆனால் 35 கிலோ குலையையும் நடுத்தரம் என்று சொல்லிவிடும். காரணம், முதலில் 10 <= 35 என்பதை மட்டும் பார்க்கிறது, விடை ‘ட்ரூ’, அப்புறம் அந்த ‘ட்ரூ’வை 1 என்று எடுத்துக்கொண்டு 1 < 20 என்று ஒப்பிடுகிறது. 5 கிலோ என்றாலும் 0 < 20, அதுவும் சரிதான் என்கிறது! ஆகவே இரண்டாகப் பிரித்து, இரண்டும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு நடுவில் && போட்டு எழுதுங்கள்:

```
10 <= எடை && எடை < 20
```

சி மொழியிலும் இதே கதைதான். தரவுத்தளத்தில் தேடப் பயன்படும் எஸ்கியூஎல்லில் ‘பிட்வீன்’ போட்டால் இரண்டு முனையும் சேர்ந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

எண்களை வரிசையாகத் தரும் பைத்தானின் ‘ரேஞ்ச்’சை வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். முழு எண் என்றால் சரி, மேல் எல்லையை அதுவும் விட்டுவிடும். ஆனால் 15.5 அதில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், எடைக்கு அது உதவாது.

படி 4: ஓரங்களைச் சோதியுங்கள்

நடுவில் உள்ள 15ஐ மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 9.9, 10, 19.9, 20 நான்கையும் போடுங்கள். வரிசையாக இல்லை, ஆம், ஆம், இல்லை என்று வர வேண்டும். மாறி வந்தால் < எங்கே, <= எங்கே என்று பாருங்கள், பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.