ஒற்றைக் குரல் சின்தசைசரைக் கைக்குப் பழக்குவது எப்படி

“இதில் கார்டு பிடிக்க முடியாதுங்களா?” கோபி வட்டாரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவின் மேடைக்கு மோனோலாக் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் ஒற்றைக் குரல் சின்தசைசர்) வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. முடியாது. கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது. இதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். நாகசுரமும் புல்லாங்குழலும் அப்படித்தான் வாசிக்கப்படுகின்றன. அவற்றிடம் யாரும் கார்டு கேட்பதில்லை. 1970-இல் வந்த மினிமூக் என்ற ஒற்றைக் குரல் சின்தசைசர் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதே வகை அனலாக் சுற்றுகள் இன்று ஒரு சாதாரண கீபோர்டின் விலையில் கிடைக்கின்றன. வாங்கியவர்கள் அதைச் சின்ன கீபோர்டாக நினைத்து மூலையில் வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மின்சாரம். மோனோலாக் ஆறு ஏஏ பேட்டரிகளில் ஓடும். அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். அது 9 வோல்ட், நடுமுனை நேர்மின். கிட்டார் பெடல்களின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை எதிர்மின்னாக இருக்கும். முனையைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

போட்டவுடன் சுருதி சேர்க்க வேண்டாம். ஒலியலையை உண்டாக்கும் சுற்றான அனலாக் ஆசிலேட்டரின் சுருதி வெப்பத்தைப் பொறுத்து நகரும். கால் மணி நேரம் சூடாகட்டும். சித்திரை மாத நோம்பியில் மாலை வெக்கையில் சேர்த்த சுருதி நள்ளிரவுக் காற்றில் அப்படியே நிற்கும் என்று நம்பாதீர்கள். இடைவேளையில் மறுபடி சரிபாருங்கள்.

இப்போது இரண்டாம் ஆசிலேட்டரின் ஒலியளவைப் பூஜ்யமாக்குங்கள். முதலாவதில் ரம்பப்பல் அலை, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் முழுதாகத் திறப்பு. அந்த முரட்டு ஒலியில் எல்லா மேற்சுரங்களும் (அடிச்சுரத்தின் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவை) இருக்கின்றன. சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். ஃபில்டர் எந்த உயரத்துக்கு மேல் வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்ஆஃப் குமிழை மெல்ல இறக்கி, எது எப்போது மறைகிறது என்று கேளுங்கள். பிறகு இரண்டாவது ஆசிலேட்டரைச் சேர்த்து மிகச் சிறிதாக விலக்குங்கள். 220 ஹெர்ட்ஸும் 221 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். அந்த அசைவு இருந்தால்தான் பேஸ் உயிரோடு இருக்கும்.

இரண்டாவதைப் பஞ்சமத்தில் வைத்துத் தம்புராவாக்கலாம் என்று தோன்றும். அது நிற்காது, நீங்கள் வாசிக்கும் சுரத்தோடு பஞ்சமமும் நகர்ந்துவிடும். ஆதார சுருதிக்குச் சுருதிப் பெட்டியே போதும்.

இனி முக்கியமான இடம்: கமகம். இதற்காகத்தான் நான் இந்தக் கருவியை விரும்புகிறேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்க வைக்கும் போர்டமென்டோவைச் சிறிதளவு வைத்து, ரிஷப விசையை அழுத்தியபடியே காந்தார விசையைத் தட்டித் தட்டி விடுங்கள். ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும் ஒலி வழுக்கிக்கொண்டு ரிஷபத்துக்குத் திரும்பும். கார்டு பிடிக்கும் கீபோர்டில் இதைச் செய்தால் இரண்டு சுரங்களும் மோதும். ஆனால் உங்கள் கருவி எந்த விசைக்கு முதலிடம் தருகிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். பழைய மினிமூக் கீழ்ச்சுரத்துக்கே முதலிடம் தரும். அதில் இந்த வித்தை இப்படி வராது. கடைசியாக அழுத்திய விசைக்கு முதலிடம் தரும் கருவிதான் நமக்குத் தோது. இடது கைக்குச் சுருதியை வளைக்கும் ஸ்லைடரைக் கொடுங்கள். தானாக மெதுவாக ஆடும் அலையைத் தரும் எல்.எஃப்.ஓ.வைக் குரலை நடுக்க வைக்கப் பயன்படுத்தாதீர்கள். ஒரே வேகத்தில் ஆடும் நடுக்கம் கமகம் ஆகாது. கையால் அசைத்துப் பழகினால் மட்டுமே அது பாட்டோடு ஒட்டும்.

மோனோலாக்கில் இன்னொரு புதையல் இருக்கிறது. ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் தனித்தனியாக நகர்த்தலாம். அந்த வசதி உருவானதில் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைக்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸுக்குப் பங்கு உண்டு. கீபோர்டு சுருதியில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு நடுவே 100 சென்ட்). 5:4 விகிதத்தில் வரும் இயல்பான காந்தாரம் சுமார் 386. ஆகவே 14 சென்ட் குறையுங்கள். சாதாரண காந்தாரம் எனப்படும் கீழ்க் காந்தாரத்தை 16 கூட்டுங்கள். பஞ்சமத்துக்கு 2 கூட்டினால் போதும். இந்தத் திருத்தம் ஒரு ஷட்ஜத்துக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு கட்டையில் பாடுபவருக்காக அமைத்ததை ஐந்து கட்டைப் பாட்டில் போட்டால் சுரங்கள் பிசகும். கட்டைக்கு ஓர் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதிப் பெட்டி பக்கத்தில் ஒலிக்க, காந்தாரத்தை நீளமாகப் பிடித்துப் பாருங்கள். அது சிரமமில்லாமல் போய் உட்காரும்.

மேடையில் தவிலோ பறையோ இருந்தால் கட்ஆஃபைக் கீழே வைத்து, அடிகளுக்கு நடுவே இடம் விட்டுக் குறைவாக வாசியுங்கள். கட்ஆஃப் எல்லையில் உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை முழுதாக ஏற்றும் முன் ஒலியளவைக் குறையுங்கள். அந்தக் கீச்சொலி காதையும் ஸ்பீக்கரையும் கெடுக்கும்.

பிடித்த ஒலி அமைந்ததும் சேமித்துவிடுங்கள். மோனோலாக்கில் 100 இடங்கள் உண்டு. அவற்றில் 80 தயாராகவே வருகின்றன. மைக்ரோபுரூட் போன்ற சில சின்தசைசர்களில் ஒலிகளைச் சேமிக்கும் நினைவகமே இல்லை. அவற்றில் குமிழ்கள் நிற்கும் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து, எந்தப் பாட்டு, எத்தனை கட்டை என்று படத்தோடு குறித்துவையுங்கள்.