பிளஸ் டூ கால அட்டவணையையும் கல்லூரி கால அட்டவணையையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில், பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் தத்தம் கல்லூரியின் கால அட்டவணையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கலைக் கல்லூரியில் சேர்ந்தவருக்கு மதியம் ஒரு மணியோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவருக்கு மாலை வரை லேப் இருக்கிறது. இருவரும் பிளஸ் டூவின் எட்டுப் பீரியட்டை நினைத்துப் பார்த்து, ஒருவர் கல்லூரி மிகவும் சுலபம் என்றும் மற்றவர் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டோம் என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள். ஒப்பிடுவதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் பள்ளியின் அட்டவணையும் கல்லூரியின் அட்டவணையும் ஒரே கணக்கின்படி எழுதப்பட்டவை அல்ல என்பதைக் கவனிக்காமல் ஒப்பிடுகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றுள் ஒன்றிரண்டு, பருவத் தேர்வையே எழுத முடியாத நிலைக்குக் கொண்டுபோய் விடுகின்றன.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு கட்டங்களை எண்ணுவது. அங்கே ஒரு நாளைக்கு எட்டு, இங்கே ஐந்து, ஆகவே பாதிக்குச் சற்று மேல் என்பது அவர்கள் கணக்கு. மேல்நிலைப் பள்ளியில் ஒரு பீரியட் என்பது பெரும்பாலும் 40 அல்லது 45 நிமிடம். கல்லூரியில் 'ஒரு ஹவர்' என்று சொல்லப்படுவது 50 நிமிடமாகவும் இருக்கும், 60 நிமிடமாகவும் இருக்கும். நாளுக்கு எட்டுப் பீரியட் வீதம் ஐந்து நாளுக்கு 40 பீரியட்; 40 நிமிடக் கணக்கில் அது 26 மணி 40 நிமிடம் ஆகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் நாளுக்கு ஐந்து ஹவர், ஆறு நாளுக்கு 30 ஹவர் என்பது பரவலான ஏற்பாடு. 50 நிமிடக் கணக்கில் அது 25 மணி நேரம். சனிக்கிழமை விடுமுறை விடும் கல்லூரியாக இருந்தால் வாரத்துக்கு 20 மணி 50 நிமிடம் வரும். அப்படியே வைத்துக்கொண்டாலும், எட்டுக்கு ஐந்து என்று பார்த்தபோது தோன்றிய அளவுக்கு இடைவெளி இல்லை என்பது தெரிந்துவிடும்.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பிளஸ் டூவில் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை முழுக் கணக்கையும் என்றைக்கும் காட்டியதில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்னால் நடந்த சிறப்பு வகுப்பு, மாலையில் ஆசிரியர் மேற்பார்வையில் படித்த நேரம், சனிக்கிழமைத் தேர்வு, கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்ட பி.டி. பீரியட் ஆகிய எதற்கும் அதில் இடமில்லை. (பி.டி. பீரியட் உண்மையிலேயே விளையாட்டுக்குக் கிடைத்த பள்ளிகளும் இருக்கலாம், அவர்கள் பாக்கியசாலிகள்.) அந்த மறைந்த மணிகளில் மாணவர் செய்த வேலை என்ன என்று யோசித்தால், திருப்பிப் படிப்பதும் எழுதிப் பார்ப்பதும்தான். கல்லூரியிலும் அந்த வேலை அப்படியே இருக்கிறது. அதைச் செய்யவைக்க ஆள் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த இடத்தில்தான் கிரெடிட் என்ற கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாடங்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பிளஸ் டூவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 600. எந்தப் பாடமும் மற்றொன்றைவிட எடை கூடியதோ குறைந்ததோ அல்ல. கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கும் எதிரே எல், டி, பி, சி என்ற நான்கு எழுத்துகளின் கீழ் நான்கு எண்கள் இருக்கும். முதல் மூன்றும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, எத்தனை மணி நேரம் டுட்டோரியல் என்னும் பயிற்சி வகுப்பு, எத்தனை மணி நேரம் செய்முறை என்பதைச் சொல்கின்றன. நான்காவது எண் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தின் எடை. 3-0-0-3 என்று இருந்தால் வாரம் மூன்று மணி விரிவுரைக்கு மூன்று கிரெடிட். 0-0-4-2 என்று இருந்தால் வாரம் நான்கு மணி லேபுக்கு இரண்டே கிரெடிட். அட்டவணையில் மதியம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் லேப், கிரெடிட் கணக்கில் மூன்று சிறு கட்டங்களில் ஒதுங்கியிருக்கும் விரிவுரைப் பாடத்தைவிட எடை குறைந்தது என்பதை, கட்டத்தின் அளவைப் பார்த்துப் படிப்பு நேரத்தைப் பங்கிடுகிறவர் அறிவதில்லை.

கிரெடிட்டுக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட, கிரெடிட் சட்டகத்தின்படி, விரிவுரைப் பாடத்தின் ஒரு கிரெடிட்டுக்கு ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்பு. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகமோ ஓராண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலுக்கு 40 கிரெடிட், அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 20 கிரெடிட் கொண்ட ஒரு பருவத்துக்கு 600 மணி நேர உழைப்பு தேவை. 15 வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 40 மணி நேரம். எல்லாமே விரிவுரைப் பாடங்களாக இருந்தால் அதில் 20 மணி நேரம்தான் வகுப்பறையில் நடக்கிறது. எஞ்சிய 20 மணி நேரத்துக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. நடைமுறையில் எத்தனை பேர் அந்த 20 மணி நேரம் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பாடத்தின் அளவையும் வினாத்தாளையும் அமைப்பவர்கள் அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் அமைக்கிறார்கள் என்பதால், ஒரு மணிக்கு முடியும் வகுப்பைப் பார்த்து மதியம் முழுவதும் ஓய்வு என்று எண்ணுவதைப் போன்ற ஏமாற்றம் தரும் கணக்கு வேறில்லை.

டே ஆர்டர் பற்றித் தெரியாமல் ஒப்பிடுவது அடுத்த தவறு. பள்ளியில் திங்கட்கிழமை அட்டவணை என்றால் அது திங்கட்கிழமைக்கே உரியது. பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் அப்படித்தான். திங்கட்கிழமை விடுமுறை வந்தால் அன்றைய பாடங்கள் போய்விடும், பிறகு ஏதேனும் ஒரு சனிக்கிழமையில் 'இன்று திங்கட்கிழமை அட்டவணை' என்று அறிவித்து ஈடுகட்டுவார்கள். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் கிழமைக்குப் பதிலாக ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர் சுழல்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஆர்டர் நடந்து, புதன்கிழமை விடுமுறையாகிவிட்டால், வியாழக்கிழமைக்கு மூன்றாம் ஆர்டர் வரும். எனவே 'உனக்கு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு உண்டா' என்று பொறியியல் படிக்கும் நண்பர் கேட்கும் கேள்விக்குக் கலைக் கல்லூரி மாணவரிடம் நிலையான பதில் இருக்காது. வாரந்தோறும் குறிப்பிட்ட கிழமையில் டைப்ரைட்டிங் வகுப்புக்கோ ஹிந்தி வகுப்புக்கோ பணம் கட்டிவிட்டு, இரண்டாவது வாரத்திலேயே நேரம் மோதுகிறது என்று திகைப்பவர்கள் இந்தச் சுழற்சியைக் கவனியாமல் கட்டியவர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வருகைப்பதிவைப் பள்ளிக் கணக்கில் பார்ப்பது. பள்ளியில் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பெயர் கூப்பிடுவார்கள். முதல் பீரியடுக்குத் தாமதமாகப் போனால் திட்டு கிடைக்கும், அவ்வளவுதான். கல்லூரியில் ஒவ்வொரு ஹவருக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. 75 சதவீதம் என்ற எல்லை பரவலாக எல்லோருக்கும் தெரியும். அது எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதைத்தான் பலர் விசாரிப்பதில்லை. சில இடங்களில் பருவத்தின் மொத்த மணிகளுக்கு ஒரே சதவீதம். சில இடங்களில் பாடவாரியாகத் தனித்தனிச் சதவீதம். வாரம் மூன்று ஹவர் கொண்ட பாடத்துக்கு 15 வாரத்தில் 45 ஹவர். அதில் 34 ஹவர் இருந்தாக வேண்டும், 11 வரை தவறலாம். வாரம் ஒரே நாளில் தொடர்ந்து நான்கு ஹவர் நடக்கும் லேபுக்கோ மொத்தமே 15 நாள்தான். நான்கு நாள் போகாவிட்டால் 60-க்கு 44, அதாவது 73.3 சதவீதம். வீட்டில் ஒரு திருமணம், ஒரு காய்ச்சல், ஊர்த் திருவிழா, பேருந்து வராத ஒரு நாள், இவை நான்கும் அதே கிழமையில் அமைந்துவிட்டால் போதும். 'நான் நான்கு நாள்தானே லீவு எடுத்தேன்' என்ற வாதம் அங்கே எடுபடாது. மருத்துவச் சான்றிதழோடு கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, கேட்க வழி இருக்கிறது என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஆகவே நண்பரின் கல்லூரியில் சனிக்கிழமை யாரும் போவதில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு தானும் போகாமலிருப்பது தன்னுடைய விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர் செய்யும் காரியம்.

இதோடு சேர்ந்தது இன்டர்னல் மதிப்பெண். பிளஸ் டூவில் அகமதிப்பீடு 100-க்கு 10; மாணவர்கள் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைகளின்படி எழுத்துமுறைப் பாடத்துக்கு 40, லேபுக்கு 60. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைக் கலை அறிவியல் பாடங்களுக்கு 25 என்பது நெடுநாள் வழக்கம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் எவ்வளவு குறைந்தாலும் பொதுத்தேர்வில் சரிக்கட்டிவிடலாம் என்று பழகிய மனம், பருவத்தின் நடுவே வரும் இன்டர்னல் தேர்வையும் ஒத்திகையாகவே நினைக்கிறது. அது ஒத்திகை அல்ல. அதில் போன மதிப்பெண்ணைப் பருவத் தேர்வில் மீட்க முடியாது.

முதல் பருவத்தின் அட்டவணையை வைத்து மூன்று அல்லது நான்கு ஆண்டுகளையும் எடைபோடுவதும் தவறு. பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்கும்போது மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பருவம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். ஆகவே முதலாண்டினரின் நாள்காட்டி தனியாக, நெருக்கமாக அமைகிறது. அதோடு, முதல் சில வாரங்களுக்குக் கொடுக்கப்படும் அட்டவணை தற்காலிகமானது. லேபுக்கு வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்த பிறகு, ஆசிரியர் பொறுப்புகள் முடிவான பிறகு, அது மாறும். அடுத்தடுத்த பருவங்களில் விருப்பப் பாடங்கள், தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டப் பாடங்கள், புராஜெக்ட் என்று புதியவை வந்து உட்காரும்.

இரண்டு ஷிஃப்டாக இயங்கும் கல்லூரிகளில் காலை ஷிஃப்டில் சேர்ந்தவரையும் மதிய ஷிஃப்டில் சேர்ந்தவரையும் ஒப்பிடும்போது, வகுப்பு நேரத்தோடு பயண நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிய ஷிஃப்ட் மாணவருக்குக் காலை முழுவதும் கிடைக்கிறது என்பது தாளில் சரி. புறநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவருக்கு அந்தக் காலையில் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கணக்கு. போட்டித் தேர்வுப் பயிற்சியிலோ பகுதி நேர வேலையிலோ சேர நினைப்பவர்கள், பள்ளி நண்பரின் அட்டவணையைக் கேட்பதைவிட, தன் துறையிலேயே மூன்றாம் பருவத்திலும் ஐந்தாம் பருவத்திலும் இருக்கும் சீனியர்களிடம் அவர்களுடைய அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. ஓராண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வசூலிக்கும் பயிற்சி மையமாக இருந்தால், இரண்டாம் பருவ அட்டவணை கைக்கு வரும் வரை பணம் கட்டாமல் பொறுத்திருக்கலாம்.