1969 செவர்லே சி10: பின் ஸ்பிரிங் மாற்றிய அனுபவம்

என் சி10 பிக்கப்பில் பின்னால் லீஃப் (பட்டை) ஸ்பிரிங் இல்லை, காயில் (சுருள்) ஸ்பிரிங். முன்பு வைத்திருந்தவர் பாரம் ஏற்றவென்று தடித்த ஸ்பிரிங் போட்டிருந்தார். காலி வண்டி சின்ன மேட்டில் ஏறினாலே பின்பக்கம் தூக்கிப் போடும்.

கேட்லாக்கைப் புரட்டுவதற்கு முன் எடை போட்டேன். ஒரு பின்சக்கரத்தில் 350 கிலோ. அதில் ஆக்சில், வீல் என்று ஸ்பிரிங் தாங்காத எடை 80 போக 270. காலி வண்டிக்கு நொடிக்கு 1.5 அலைவு (மேலும் கீழும் ஆடுவது) போதும் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் விறைப்பு மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன் வேண்டும், அதாவது ஒரு மி.மீ. அமுங்க 24 நியூட்டன் விசை.

அதே எண்ணில் ஸ்பிரிங் வாங்கினால் வண்டி தொய்ந்துவிடும். ஸ்பிரிங் உட்காருவது ஆக்சிலுக்குச் சற்று முன்னால், ஆக்சிலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஆர்மின் மேல். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை 50 மி.மீ. தூக்கினேன், ஸ்பிரிங் உட்காரும் இடம் 42 தான் ஏறியது. விகிதம் 0.84. ஸ்பிரிங் அமுங்கும் தூரம், சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசை இரண்டுமே இந்த விகிதத்தில் குறைவதால் அதன் வர்க்கத்தை எடுக்க வேண்டும், சுமார் 0.7. 24ஐ 0.7ஆல் வகுத்தால் 34, அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 195 பவுண்டு. காலி வண்டியிலேயே அது ஒன்பது சென்டிமீட்டர் அமுங்கும் என்பதால் நீளத்தையும் அதற்கேற்பப் பார்த்து வாங்கினேன்.

சரி, பாரம்? 300 கிலோ மண் ஏற்றினால் பின்பக்கம் ஆறு சென்டிமீட்டர் இறங்கும். அதற்குக் காயிலுக்குள் காற்றுப் பை வைத்திருக்கிறேன். உயரத்தைக் குறைக்கக் காயிலை வெட்டச் சொல்வார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். அப்புறம், பழைய ஷாக் அப்சார்பர் தடித்த ஸ்பிரிங்குக்கானது. அதையும் மாற்றினேன்.