ஃப்ரிட்ஜின் கடகடப்பு நின்றது எப்படி?

செங்கோட்டையில் சாரல் காலத்து இரவுகளில் எங்கள் ஃப்ரிட்ஜின் ஒவ்வொரு ஓசையும் தெளிவாகக் கேட்கும். ‘களக் களக்’ என்பது குழாய்க்குள் குளிர்பொருள் திரவமும் ஆவியுமாக ஓடுவது. ‘படக்’ என்பது குளிரில் சுருங்கும் பிளாஸ்டிக். இரண்டும் இயல்பானவை, மெக்கானிக்கைக் கூப்பிடவே வேண்டாம்.

அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது வேறு: கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் கடகடவென்ற அதிர்வு. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடித்தேன். கம்ப்ரசரின் மேலிருந்த தண்ணீர்த் தட்டு (ஃப்ரிட்ஜுக்குள் பனி உருகி வடியும் நீர் சேரும் தட்டு) ஒரு பக்கம் இளகி, செப்புக்குழாயில் உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடம் மட்டும் புதுக்காசு போல் மின்னியது. அப்படியே விட்டால் குழாய் தேய்ந்து ஓட்டை விழும், வாயு போய்விடும். குழாயை வளைக்காமல் தட்டைக் கழுவி அழுத்திப் பொருத்தினேன். முன்கால் திருகைத் திருப்பி மட்டப்படுத்தினேன். கடகடப்பு அன்றே நின்றது. ஈரக்காற்றில் தட்டில் நீர் அதிகம் சேர்வதால், சாரல் முடியும்வரை அதை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.