கல்யாணத்துக்குக் கோட் சூட்: பெண்கள் குறைந்த செலவில் தைத்துக்கொள்வது எப்படி?

சேலை வேண்டாம், லெஹங்கா வேண்டாம், சொந்தத்தில் நடக்கும் கல்யாணத்துக்குக் கோட் சூட்தான் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஏன் சூட் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்களின் விருந்துக் கோட் சூட்டான டக்சீடோவை, பெண்கள் மாலை விருந்துக்குப் போடுகிற உடையாக பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1966-லேயே கொண்டுவந்துவிட்டார். நம் ஊர் மண்டபங்களுக்குள் அது வர இத்தனை நாளாகியிருக்கிறது, அவ்வளவுதான். நான் தைத்துக்கொண்டது சென்னையில். கடைகள் மாறலாம், முறை எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

துணி, லைனிங், கோட், பேண்ட் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளே போட்ட சட்டை ஏற்கெனவே இருந்தது.

ரெடிமேட் ஏன் வேண்டாம் என்கிறேன்

வான் ஹியூசன், ஆலன் சாலி போன்றவற்றில் பெண்களுக்கான பிளேசர் கிடைக்கும். தையல் சுத்தமாக இருக்கும். ஆனால் அவை ஆபீசுக்காகச் செய்தவை. பட்டுச் சேலைகளுக்கு நடுவில் அதைப் போட்டு நின்றால் இன்டர்வியூவுக்கு வந்தவர் போலத் தெரியும். விழாவுக்கு ஏற்றபடி பளபளப்பாக ஜாரா, மேங்கோ மாதிரி கடைகளில் தேடினால் கோட்டுக்குத் தனி விலை, பேண்ட்டுக்குத் தனி விலை. வரியும் இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட உடைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, துணியாக வாங்கினால் 5 சதவீதம்தான்.

வாடகைக் கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை கோட், ஷெர்வானி, பெண்களுக்கு லெஹங்கா, கவுன் எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. பெண்கள் அளவில் சூட் கேட்டால் இல்லை என்கிறார்கள்.

அவசரம் என்றால் மட்டும் ரெடிமேட் வாங்குங்கள். அப்போது பார்க்க வேண்டியது தோள் ஒன்றைத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். கையின் மேற்பகுதி சுவரைத் தொடும் முன்பே தோள் பேட் மடங்கினால் கோட் உங்களுக்குப் பெரிது. இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேண்ட்டைப் பிரித்துவிடலாம். தோளை மாற்றுவதென்றால் கையையே கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலிக்குப் புதிதாகவே தைத்துவிடலாம்.

1. எப்போது ஆரம்பிப்பது

குறைந்தது ஆறு வாரம் முன்பு. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் நல்ல டெய்லர் யாரும் புது ஆர்டர் எடுக்க மாட்டார். ஆவணியில் கல்யாணம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கலாம், முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் டெய்லரும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். தைக் கல்யாணத்துக்கு மார்கழியிலேயே கொடுத்துவிடுங்கள்.

2. நிறமும் துணியும்

காலை முகூர்த்தத்துக்குக் கறுப்பு வேண்டாம். உங்களுக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், பெரியவர்கள் மனம் சங்கடப்படும். முழு வெள்ளையும் அப்படியே. அரக்கு, பாட்டில் பச்சை, மயில் நீலம், கத்தரிப்பூ நிறம் என நம் பட்டுச் சேலை நிறங்கள் எல்லாமே சூட்டில் அழகாக எடுபடும். நான் எடுத்தது பாட்டில் பச்சை.

துணிக்கு ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்குப் போனேன். மொத்த வியாபாரத் தெரு என்றாலும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ரா சில்க் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று அசல் பட்டு, இன்னொன்று அதே சாயலில் செயற்கை இழை. விலை பல மடங்கு வித்தியாசப்படும். சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகும் வாசனை வரும், விரலால் நசுக்கினால் சாம்பலாகப் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். சூட்டுக்குச் செயற்கை இழையே போதும் என்பது என் கருத்து. உள்ளே ஃபியூசிங் (துணி விறைப்பாக நிற்க அயர்ன் செய்து ஒட்டும் உள்துணி) ஒட்டி, லைனிங் போட்டு அயர்ன் செய்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நெருங்கி வந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.

அகலத்தைக் கேட்காமல் மீட்டர் சொல்லிவிடாதீர்கள். ஆண்கள் சூட்டிங் துணி 58 அங்குல அகலம் வரும், 3 முதல் 3¼ மீட்டர் போதும். ரா சில்க் வகைகள் பெரும்பாலும் 44 அங்குலம்தான், 4½ முதல் 5 மீட்டர் வரை பிடிக்கும். உயரமானவர்கள் டெய்லரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

3. டெய்லர்

பிளவுஸ் தைக்கும் அக்காவிடம் கோட் கொடுக்காதீர்கள். அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல, அது வேறு தொழில். கோட்டின் உள்ளே நடப்பதுதான் கோட்: கேன்வாஸ் அல்லது ஃபியூசிங், தோள் பேட், கை மேலே வைக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை, லேப்பல் (காலருக்குக் கீழே மார்பின் மேல் மடிந்து கிடக்கும் பகுதி) மடிப்பு. ஆண்களுக்குக் கோட் தைக்கும் டெய்லரிடம்தான் போக வேண்டும். அதிலும் பெரிய ஷோரூமை விட, மாஸ்டர் கடையிலேயே உட்கார்ந்து வெட்டும் சின்னக் கடை நல்லது. அளவு எடுப்பவர், வெட்டுபவர், தைப்பவர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் நீங்கள் சொன்னது பாதி வழியில் காணாமல் போகாது.

"லேடீஸுக்கு நாங்க பண்றதில்லையே மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதித் தயக்கம் அளவு எடுப்பதில்தான். தங்கையையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள். மாஸ்டர் சொல்லச் சொல்ல அவர் டேப் பிடித்தால் எல்லாருக்கும் நிம்மதி.

4. அளவு

கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடை, உள்சட்டை இரண்டையும் போட்டுக்கொண்டு போங்கள். அளவு பிளவுஸ் கொண்டுபோய்க் கொடுப்பது இங்கே உதவாது. பிளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்பது, கோட்டுக்கு மார்பில் 4 அங்குலமாவது தளர்வு வேண்டும்.

5. முதல் டிரையல்

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சூட் அழகாக வருவதும் வீணாவதும் இங்கேதான்.

ஆண்கள் கோட்டின் முன்பக்கம் ஏறக்குறையத் தட்டையாக வெட்டப்படும். மார்பு அளவு சரியாக எடுத்திருந்தாலும் அந்தத் துணி மார்பின் மேல் வளைந்து போக வழியில்லை. என் முதல் டிரையலில் பட்டனைப் போட்டவுடன் லேப்பல் இரண்டும் உடம்பை விட்டு எழும்பி, வாய் பிளந்த மாதிரி நின்றன. பட்டனைச் சுற்றிக் குறுக்கே சுருக்கம். மாஸ்டர் உடனே "சைடுல பிரிச்சு விட்டுடலாம்" என்றார். பக்கவாட்டில் பிரித்தால் சுருக்கம் போகும், ஆனால் இடுப்பு தொளதொளவென்று ஆகி, கோட் பெட்டி மாதிரி தொங்கும். லேப்பல் அப்போதும் எழும்பித்தான் நிற்கும். அளவு சரிதான், வெட்டில்தான் கோளாறு.

இதற்குத் தீர்வு நம் பிளவுஸ் தையலிலேயே இருக்கிறது: பிரின்சஸ் கட். கைக்குழியிலிருந்து ஆரம்பித்து மார்பின் மேல் வளைந்து இடுப்பு வரை இறங்கும் தையல். கோட்டின் முன்பக்கத்தை அப்படி இரண்டு துண்டாக வெட்டினால் மார்பில் இடமும் கிடைக்கும், இடுப்பில் பிடிப்பும் கிடைக்கும். இதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வெட்டிய பிறகு என்றால் டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துப் போடும் கூர்முனைத் தையல்) பிடித்துச் சமாளிக்கலாம், ஆனால் அவ்வளவு நேர்த்தியாக வராது. என் மாஸ்டர் மீதமிருந்த துணியில் முன்பக்கத்தை மறுபடி வெட்டிக் கொடுத்தார். அரை மீட்டர் கூடுதலாக எடுத்திருந்தது அங்கே காப்பாற்றியது. நீங்களும் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு டிரையல் பேசிக்கொள்ளுங்கள். முதலாவது, லைனிங் வைக்காமல் நூலோட்டி மட்டும் இருக்கும் நிலையில். அப்போது கண்ணாடி முன் அசையாமல் நிற்காதீர்கள். இரண்டு கையையும் முன்னால் கட்டிப் பாருங்கள், முதுகு இழுக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆசீர்வாதம் செய்ய அட்சதை தூவுவது போலக் கையைத் தூக்குங்கள். கோட் முழுவதும் கூடவே மேலே ஏறினால் கைக்குழி அளவுக்கு மேல் ஆழமாக இருக்கிறது. அதை இந்தக் கட்டத்தில்தான் சரிசெய்ய முடியும்.

6. பேண்ட்

உயர்ந்த இடுப்பு, நேர் கால். சரி, அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நீளத்தைத் தவிர. ஹீல்ஸ் போட்டு நீளம் வைக்காதீர்கள். மணமேடைக்கு ஏறும்போது செருப்பைக் கழற்றுவோம், அப்போது இரண்டு அங்குலத் துணி தரையைப் பெருக்கும். வெறுங்காலில் நின்று, கணுக்காலுக்குச் சற்றுக் கீழே முடியும்படி வைத்துக்கொண்டால் எந்தச் செருப்புக்கும் பொருந்தும்.

7. மண்டபத்துக்காகச் சில

கை நீளம். இலையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் பிசையும்போது மணிக்கட்டு வரை வரும் கோட் கை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கை நுனியில் இருக்கும் பட்டன் உண்மையாகவே திறக்கும்படி காஜா எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு பட்டனைக் கழற்றினால் கையை முழங்கை வரை மடித்துவிடலாம். முக்கால் கையாகவே தைப்பதும் நல்ல யோசனைதான், வெயில் காலத்துக்கு அதுவே மேல்.

உள் பாக்கெட் கட்டாயம் கேளுங்கள். ஆண்கள் கோட் டெய்லருக்கு அது கைவந்த வேலை. மொய்க் கவர், போன், கார் சாவி எல்லாம் அடங்கும். கைப்பை இல்லாமல் ஒரு கல்யாணத்தைச் சுற்றி வருகிற சுகம் அனுபவித்தால்தான் தெரியும்.

வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். அசல் பட்டில் அந்தத் துளிகள் வட்ட வட்டமாகக் கறை விடும். செயற்கை இழை நல்லது என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

நகை ஒன்று போதும். நான் ஜிமிக்கி போட்டுக்கொண்டு, கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டேன். மல்லிகையும் லேப்பலும் சேராது என்பவர்கள் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பிறகு சேர்த்தவை

*பட்டன் பக்கம்:* "என் கோட்டில் இடப்பக்கம் மேலே வருகிறது, டெய்லர் தப்பாகத் தைத்துவிட்டாரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆண்கள் உடையில் இடப்பக்கம் மேலே வரும், பெண்கள் உடையில் வலப்பக்கம். டெய்லர் தன் கை பழகியபடி தைத்திருக்கிறார். உங்களுக்கு அது முக்கியம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் மாற்றச் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை.

*ரெடிமேட் வாங்கியவர்களுக்கு:* பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போலப் போட்டிருக்கும் நூலையும், கோட் கையின் மேல் தைத்திருக்கும் பிராண்ட் பட்டையையும் பிரித்து எடுத்துவிடுங்கள். அவை கடை வரைக்கும்தான். பாக்கெட்டும் தைத்து மூடியிருக்கலாம், உள்ளே பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

*பேண்ட் தையல் விடுவது:* இரண்டு பேர் இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். ரா சில்க் பேண்ட்டில் உட்கார்ந்து எழும் இடத்தில், தையல் அறுந்துபோகாமல் துணியின் இழைகள் மட்டும் தையலை விட்டு நகர்ந்து கண்ணி கண்ணியாகத் தெரிகின்றன. பின்பக்கம் இறுக்கமாக இருந்தால் இது சீக்கிரம் வரும். பேண்ட்டின் உள்ளே முழங்கால் வரை லைனிங் கொடுக்கச் சொல்லுங்கள், தையல் ஓரத்தில் அரை அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள். இன்னும் நம்பிக்கையான வழி, கோட்டை மட்டும் ரா சில்க்கில் தைத்துவிட்டு, பேண்ட்டை அதே நிறத்து சூட்டிங் துணியில் தைப்பது. 58 அங்குல அகலத்தில் 1¼ மீட்டர் போதும், செலவும் குறையும். நிறம் பார்க்கும்போது கடை விளக்கை நம்பாமல், இரண்டு துணியையும் தெரு வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.