ரீபேஸ் செய்யும்போது காலி கமிட்டுகளை என்ன செய்வது?

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், கமிட்டுகளின் தனி வரிசை ஒரு கிளை. ஒரு கிளையின் கமிட்டுகளை இன்னொரு கிளையின் நுனியில் மறுபடி அடுக்குவது ரீபேஸ். மாற்றம் எதுவும் இல்லாத காலி கமிட் கிட்டில் இரண்டு வகை. ஒன்று, பிறக்கும்போதே காலி: சர்வரில் பில்டை (நிரலைத் தொகுத்துத் தயாராக்கும் வேலையை) மறுபடி ஓட்டவோ ஒரு கட்டத்தைக் குறித்து வைக்கவோ நாமே ‘--அலவ்-எம்ப்டி’ கொடுத்துப் போடுவது. இன்னொன்று, ரீபேஸின் நடுவே காலியாகிப் போவது. இரண்டையும் கிட் வேறுவேறாக நடத்துகிறது. “என் கமிட் எங்கே போச்சு?” என்ற தவிப்பு பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வரும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கமிட் வரலாற்றில் கை வைக்கும் முன் ‘கிட் பிராஞ்ச் பேக்கப்’. இப்போதைய நிலை ‘பேக்கப்’ என்ற கிளையாகப் பத்திரமாக இருக்கும். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

2. குமரி மாவட்டச் சுற்றுலா இடங்களுக்கு ஒரு தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டிய ஆண்டு தவறாக இருக்கிறது. உங்கள் கிளையில் 1966 என்று திருத்தி கமிட் செய்தீர்கள். அதற்குள் நண்பர், எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளையில் அதே வரியையும் திற்பரப்பு அருவிக் கோப்பையும் ஒரே கமிட்டில் சரிசெய்துவிட்டார். இப்போது ‘கிட் ரீபேஸ் மெயின்’ கொடுத்தால், உங்கள் கமிட்டில் சேர்க்க எதுவும் மிச்சமில்லை. கிட் அதைக் கைவிட்டு, ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

மாற்றம் போனால் பரவாயில்லை, அது மெயினில் இருக்கிறது. ஆனால் “நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்தேன்” என்று கமிட் செய்தியில் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் ரீபேஸ் கட்டளையோடு ‘--எம்ப்டி=ஸ்டாப்’ சேர்க்கத்தான் நான் எப்போதும் பரிந்துரைப்பேன். காலியான இடத்தில் ரீபேஸ் நிற்கும். வேண்டாம் என்றால் ‘கிட் ரீபேஸ் --ஸ்கிப்’. வேண்டும் என்றால் ‘கிட் கமிட் --அலவ்-எம்ப்டி’, அப்புறம் ‘கிட் ரீபேஸ் --கன்டினியூ’. கேட்காமலே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ‘--எம்ப்டி=கீப்’. (கிட் 2.45க்கு முந்தைய பதிப்பு என்றால் ‘ஸ்டாப்’ இருக்குமிடத்தில் ‘ஆஸ்க்’.)

நண்பரின் கமிட்டும் உங்களுடையதும் அச்சு அசலாக ஒரே மாற்றம் என்றால் கதை வேறு. ரீபேஸ் தொடங்கும் முன்பே கிட் அதை ஒதுக்கிவிடும், ‘--எம்ப்டி’ அங்கே உதவாது. ‘--ரீஅப்ளை-செர்ரி-பிக்ஸ்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

3. பிறவியிலேயே காலியானவை கிட் 2.26 முதல் தாமாகவே தங்கிவிடும். களைய ‘--நோ-கீப்-எம்ப்டி’.

4. முடிந்ததும் ‘கிட் ரேஞ்ச்-டிஃப் மெயின் பேக்கப் ஹெட்’. பழைய கமிட்டுகளையும் புதியவற்றையும் இது ஒப்பிட்டுக் காட்டும். ‘<’ குறியோடு நிற்பது கைவிடப்பட்ட கமிட். அதைத் திரும்பக் கொண்டுவர, அந்த வரியில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும் அதன் அடையாளத்தோடு (ஹாஷ்) ‘கிட் செர்ரி-பிக் --கீப்-ரிடன்டன்ட்-கமிட்ஸ்’ கொடுத்தால் சரி.